இதமும் அகிதமும்: ஏலமலைச் சாரலில் எழுந்த ஒரு வினா

திருச்சிற்றம்பலம்

நன்று இது, தீது இது என்று பகுத்துணரும் உணர்ச்சி மக்கட் பிறப்பிற்கே சிறப்பாக உரியது. விலங்கு பசித்தால் உண்ணும், அஞ்சினால் ஓடும், தான் செய்தது தகுமோ என்று ஒருபொழுதும் தன்னை வினாவாது. மனிதனோ பிறர் அறியாமற் செய்த ஒன்றையும் நள்ளிரவில் நினைந்து வருந்துவன். இவ்வருத்தத்திற்குக் காரணமாய் நிற்கும் நன்மை தீமைகளின் இலக்கணம் யாது என்பதனைச் சமய நூலோரும் தத்துவ நூலோரும் பலபடியாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியைச் சொல்லளவில் நிறுத்தாது, கண்முன் நிகழும் ஒரு தொழிலின்மேல் வைத்து நிகழ்த்தின், நம் சித்தாந்தம் கூறும் விடையின் திட்பம் இனிது விளங்கும். அதற்கு வாய்ப்பாக அன்பர் ஒருவர் எம்பால் நிகழ்த்திய வினாவை ஈண்டு எடுத்துக்கொள்கின்றாம்.

வினா

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், மலையடிவாரத்தில், போடிநாயக்கனூர் என்னும் ஊர் உளது. ஊரையடுத்த குன்றின்மேல் பரமசிவன் மலைக்கோயில் விளங்குகின்றது. அவ்வூரிலிருந்து 17 கொண்டையூசி வளைவுகளையுடைய மலைச்சாலை போடிமெட்டுக்கு ஏறிச்செல்லும். அதற்கப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. நாடோறும் வைகறையில் போடியினின்றும் சூழ்ந்த ஊர்களினின்றும் ஜீப்புக்களில் நெருங்கியமர்ந்து மலையேறும் தொழிலாளர், அவருட் பெரும்பாலார் பெண்டிர், செடியின் அடியிற் படர்ந்த சரங்களினின்று முற்றிய காய்களைத் தேர்ந்தெடுத்துப் பொழுது சாயுங்கால் மீள்வர். அப்பச்சைக்காயை ஸ்டோர் என்று வழங்கும் உலர்த்துமிடத்தில் நிறம் கெடாதபடி இளஞ்சூட்டில் உலர்த்துவர். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவாகும். அது சல்லடையால் அளவு பிரிக்கப்பெற்று, நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஆட்சியில் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நிகழும் மின்னணு ஏலத்தில் விலைப்படும்.

போடியில் வாழ்ந்து மலைமேற் சிறு தோட்டமொன்று உடையவர் அவ்வன்பர். நாடோறும் சிவபூசை செய்பவர். அவர் எம்மை நோக்கி, “ஐயா, என் தோட்டத்தின் ஒரு மூலையிற் சில தூறுகளுக்கு மட்டும் யான் மருந்தடிப்பதில்லை. அவற்றின் காய் பூசைக்கும் என் வீட்டிற்கும் ஆவது. எஞ்சிய தோட்டம் முழுதும் மருந்தடிக்கின்றேன். அக்காய் விலைக்குப் போவது. இறைவனுக்குத் தூயதையே படைக்கின்றேன் என்று பலகாலம் மகிழ்ந்திருந்தேன். இப்பொழுது அம்மகிழ்ச்சி இல்லை. அம்மூலையிற் சென்று நிற்குந்தோறும் எஞ்சிய தோட்டம் என்னை நோக்கி ஏதோ கேட்பது போலத் தோன்றுகின்றது. யான் செய்வது அறமோ? மறமோ?” என்றனர்.

இவ்வினாவின் எடையை உணர்தற்குத் தோட்டத்து நடைமுறை சிறிது அறியற்பாலது. ஏலச்செடியைப் பேன் என்னும் நுண்ணிய பூச்சியும், தண்டையும் காயையும் துளைக்கும் புழுவும் வருத்தும். பேன் தீண்டிய காயின் தோல் சொறிபிடித்து அழகு கெடும். சந்தையில் அதன் விலை இறங்கும். ஆகலின் விளைச்சலைக் காத்தற்பொருட்டு மட்டுமன்றித் தோல் வடுவின்றிப் பசுமையாய்த் தோன்றுதற்பொருட்டும் பூச்சிமருந்து தெளிக்கப்படுகின்றது. விதித்த அளவையும் இடைவெளியையும் கடந்து தெளிப்போரும் உளர். மருந்தெச்சம் மிக்கதெனக் கூறி 2018-ஆம் ஆண்டில் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயை ஏற்க மறுத்தது. ஏலக்காயிற் செயற்கை நிறம் ஊட்டலாகாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதி. அவ்விதியை மீறிப் பச்சை நிறம் ஏற்றுவோரும் உளர். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏலக்காய் கிலோ ஒன்று 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. விலை ஏறுங்காற் சபலமும் உடன் ஏறுதல் இயல்பே.

இன்னும் ஒன்று. ஏலப்பூவில் மகரந்தம் சேர்க்கும் தொழில் பெரும்பாலும் தேனீயினுடையது. தேனீ வாராதாயின் பூ காயாகாது உதிரும். மலைமேற் கூலி பெறாது உழைக்கும் இச்சிற்றுயிரையும் அம்மருந்தே கொல்லும். உலகம் இந்நஞ்சினை மருந்து என்றே வழங்குகின்றது. செடிக்கு மருந்தாவது தேனீக்கும், முகத்தை மூடாது தெளிக்கும் கூலியாளுக்கும், அறியாது உண்பவனுக்கும் யாதாகும் என்பதை அப்பெயர் மறைத்துவிடுகின்றது. தீமை பெரும்பாலும் நல்லதொரு பெயரைப் பூண்டுகொண்டே நம் மனையுள் நுழையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிறர் கூறும் விடைகள்

மேனாட்டு அறிஞருள் மில் என்பார் 1863-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட பயன்வாதக் கொள்கையின்படி, இன்பத்தை மிகுவிக்கும் செயல் நன்று. துன்பத்தை மிகுவிப்பது தீது. செய்வோன் இன்பம் மட்டுமன்றி அச்செயலால் தாக்குறுவார் அனைவர் இன்பமும் கணக்கிற் கொள்ளப்படும். பிறருயிரின் நோவைப் பொருட்படுத்துதலால் இக்கொள்கை பாராட்டத்தக்கதே. ஆயினும் அக்கணக்கை இடுபவன் யாவன்? தோட்டமுடையான் தன் ஊதியத்தை விரல்விட்டு எண்ணுவன். தொலைநாட்டில் ஏலம் இட்ட நீரைப் பருகுவான் உடலிற் பல்லாண்டு கழித்து நேர்வதை எவ்விரலால் எண்ணுவன்? கணக்கிடுவோன் ஒரு பக்கத்திற்கு உரியனாய் இருக்குங்கால் துலைநா நேர்நில்லாது.

காண்ட் என்னும் செர்மானியப் பேரறிஞர் 1785-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வேறோர் உரைகல்லைத் தந்தார். ஒருவன் தான் மேற்கொள்ளும் நெறியை எல்லோரும் மேற்கொள்ளுக என்று முரணின்றி விழைய இயலுமாயின் அந்நெறி தக்கது, இயலாதாயிற் றகாதது. இவ்வுரைகல்லில் உரைத்தால் நம் அன்பரின் மூலைத்தோட்டமே அவர்க்கு எதிர்ச்சான்றாகி நிற்கின்றது. உழவர் அனைவரும் தமக்கென ஒரு மூலை, பிறர்க்கென எஞ்சியது என்று வகுத்துக்கொள்வராயின், அவர் வீட்டிற்கு வரும் அரிசியும் பருப்பும் மிளகும் பிறர் ‘விலைக்கென’ விடுத்தவையே அன்றோ? தாம் உண்ணத் துணியாததைப் பிறர் உண்ணவிடுத்தல் தகாது என்பது இதனால் தெளிவாகும். ஆயினும், தகாதென்று தெளிந்த பின்னும் யான் ஏன் அதற்குக் கட்டுப்படவேண்டும் என்பானுக்கு, அஃது அறிவின் ஆணை என்று கூறி அமைவதன்றி, அவன் நெஞ்சை உருக்கும் விடை ஒன்றும் அவர்பால் இல்லை.

நம் நாட்டு மீமாஞ்சகர், வேதம் விதித்தது அறம், விலக்கியது மறம் என்பர். செய்த கன்மமே அபூர்வம் என்னும் ஆற்றலாய் நின்று பயன் தரும். அதற்கு இறைவன் ஒருவன் வேண்டா என்பதும் அவர் கொள்கை. சித்தாந்தி இதனை மறுப்பன். என்னை? கன்மம் சடம், செய்த அளவிலே கெடுவது. தெளித்த மருந்து உலர்ந்து மறையும், தெளித்தவன் மறப்பன், உண்டவன் அறியான். ஒருவரும் நினைவிற் கொள்ளாத இவ்வினையை உரியானைத் தேடிச்சென்று சேர்த்தல் அறிவில்லாத வினையால் ஆகாது. எல்லாம் அறிவானும் எங்கும் நிறைவானும் ஆகிய ஒருவனாலேயே அது கூடும்.

சித்தாந்த விடை

அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியார், சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் இருவினையின் இலக்கணத்தை இதம், அகிதம் என்னும் இரண்டு சொற்களால் வகுத்துரைக்கின்றது. அப்பகுதியின் கருத்தை மூன்று கூறாகக் கொள்ளலாம்.

முதலாவது, மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் உயிர்களுக்கு நலம் பயப்பனவற்றைச் செய்தல் இதம். ஈண்டு அளவுகோலாக நிறுத்தப்பட்டது உயிர். குலமோ, நாடோ, சமயமோ, அறிமுகமோ அன்று. மனமும் வாக்கும் உடன் கூறப்பட்டமையால், கையாற் செய்யாது மனத்தால் விழைதலும், வாயால் ஏவுதலும், பொய்யுரைத்து விற்றலும் வினையாகவே எண்ணப்படும்.

இரண்டாவது, அவ்விதத்தைச் செய்யாமை அகிதம். இது நுனித்து நோக்கற்பாலது. தீமை இயற்றுதல் மட்டுமே குற்றம், வாளா இருத்தல் குற்றமன்று என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றாம். ஆசிரியரோ, செய்யற்பாலதாகிய நலத்தைச் செய்யாது விடுதலையே அகிதம் என்றனர். ஆகவே மருந்து தெளித்து எத்துணை நாள் கழித்துக் காய் எடுக்கவேண்டும் என்று அறிந்தும் அந்நாட்களைக் காவாமை அகிதம். தெளிக்கும் ஆளுக்கு முகமூடியும் கையுறையும் கொடாமை அகிதம். விலைக்கு வாங்குவோன் கேளாமையால் உண்மை கூறாமை அகிதம்.

மூன்றாவது, இதம் அகிதம் ஆகிய எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்பவன் இறைவனே. ஏற்றுக்கொண்டு அவற்றிற்கு ஈடாக இன்பத்தையும் துன்பத்தையும் தருபவனும் அவனே. இக்கருத்தே சித்தாந்த ஒழுக்க நூலின் உயிர்நிலை என்பது எம் துணிபு. இறைவன் உயிர்தோறும் உயிர்க்குயிராய்ப் பிரிப்பின்றி நிற்றலின், ஓர் உயிருக்குச் செய்தது அவனைச் சாராது நிற்றல் இயலாது. மடியில் உறங்கும் குழவியின் வாயில் ஒருவன் தேனைத் தடவினால் தாய் மகிழ்வள். கிள்ளினால் அவள் துடிப்பள். குழவி செய்தவனை அறியாது, மறந்தும் போகும். தாய் அறிவள், மறவாள். அதுபோல, உண்டவன் அறியாத நஞ்சை உண்பித்தவன் இன்னான் என்று அறிந்தவன் ஒருவன் உளன்.

இங்ஙனமாதலின் நம் அன்பர் தம் தோட்டத்தை இறைவன் பங்கு என்றும் விலைப் பங்கு என்றும் இரண்டாக வகுத்தது சித்தாந்தத்திற்கு ஒவ்வாது. மூலையில் விளைந்தது மட்டும் இறைவனுக்குப் போகின்றது என்று அவர் எண்ணினார். உண்மையில் தோட்டம் முழுதும் இறைவனுக்கே போகின்றது. ஒரு பங்கு அவர் பூசைத்தட்டின் வழியாகப் போகின்றது. மற்றைப் பங்கு சாக்கு மூட்டையின் வழியாகப் போகின்றது. ஏற்கும் கை ஒன்றே. ஒரு கையிலே தூயதையும் நஞ்சையும் மாறி மாறி இடுபவன், தூயது இட்டதனை மட்டும் நினைந்து மகிழ்தல் எங்ஙனம் கூடும்? எஞ்சிய தோட்டம் தம்மை வினாவியதாக அவர் கூறினாரன்றோ? வினாவியது தோட்டம் அன்று; அவ்வுயிர்க்குயிராய் நின்று உணர்த்தும் திருவருளே என்க.

தடையும் விடையும்

இனி இதன்மேல் எழும் தடைகள் சிலவற்றை ஆராய்வாம்.

முதற் றடை: அரனடிக்கு அன்பர் செய்யும் பாவமும் அறமாம், அன்பிலார் செய்யும் புண்ணியமும் பாவமாம் என்பது அச்சூத்திரத்திலேயே கூறப்பட்டதன்றோ? அற்றேல், மருந்தடித்து ஈட்டிய பொருளைத் திருப்பணிக்கும் மகேசுர பூசைக்கும் அன்போடு வழங்குவானுக்கு அவ்வீட்டம் அறமாய்விடாதோ எனின், ஆகாது. அவ்வுண்மைக்கு நம்மவர் காட்டும் அடியார்களின் செயலை உற்று நோக்குக. கண்ணப்பர் ஊன் படைத்தது விதிக்கு மாறே. ஆயின் அவர் தமக்கென ஒன்றும் வைத்திலர். ஈற்றில் தம் கண்ணையே இடந்து அப்பினர். சண்டீசர் தந்தையின் காலை எறிந்தது உலகியலிற் பாதகமே. ஆயின் அதனால் அவர் எய்த விழைந்த ஊதியம் யாதும் இல்லை. மதுரையில் வணிகர் குலத்து வந்த மூர்த்தியார், சந்தனம் கிடையாது தடுக்கப்பட்டபொழுது தம் முழங்கையையே கல்லில் தேய்த்தனர். இவர்கள் எல்லாம் தம் உடம்பையும் தம் உறவையும் கொடுத்தவர்கள். பிறர் உடம்பைக் கொடுத்தவர் அல்லர். யான் எனது என்பது அற்ற இடத்தில் நிகழ்ந்த செயலுக்கு உரிய விதியை, யான் எனது என்பது தழைத்த இடத்தில் நிகழும் செயலுக்கு ஏற்றிக் கூறுதல் நூலை வணிகமாக்குதலேயாம். அவ்விடத்துக்கு உரிய எடுத்துக்காட்டு தக்கன் வேள்வியே. அவ்வேள்வியில் விதி குறைந்ததன்று, பொருள் குறைந்ததன்று, அன்பு ஒன்றே குறைந்தது. உயிர்க்கு இரக்கமின்றி ஈட்டி இறைவனுக்கு அன்போடு வழங்கினேன் என்பானது அன்பு, தாயைப் போற்றி மகவை வருத்துவான் அன்பு போல்வது.

இரண்டாந் தடை: சிவபூசையில் ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி எனச் சுத்தி ஐந்து விதிக்கப்பட்டன. திரவியசுத்தியால் பொருளின் குற்றம் நீங்குமாகலின், ஏலத்தில் எச்சம் இருப்பினும் இழுக்கு என்னை எனின், அறியாது கூறினாய். திரவியசுத்தி, மாயாகாரியமாகிய பொருளை அருட்பொருளாகப் பாவித்துச் சிவனுக்கு உரியதாக்குவது. அது பொருளைப் பற்றியது. அப்பொருளை ஈட்டியவன் பிறவுயிர்க்குப் பட்ட கடனைத் தீர்ப்பதன்று. களவிற் கொணர்ந்த மலரை நீர் தெளித்து மந்திரம் ஓதிச் சாத்தினால், மலருக்கு உடையவன் இழந்தது அவனுக்கு மீளுமோ? சுத்திகளுள் ஆன்மசுத்தி முன்னர் வைக்கப்பட்ட முறையையும் ஈண்டுச் சிந்திக்க.

மூன்றாந் தடை: இன்பதுன்பங்கள் அவரவர் பிராரத்தத்தின் வழியே வருவன. உண்பானுக்கு நோய் வருதல் அவன் முன்செய்த வினையால் என்றால், விற்றவன்மேல் குற்றம் யாது எனின், அற்றன்று. நுகர்பவனுக்கு அது பிராரத்தம் ஆயின் ஆகுக. நுகர்வித்தவனுக்கு அஃது ஆகாமியம். ஒருவன் வினையை ஊட்டுதற்கு இறைவனுக்கு வழி பல உள. அவ்வழியாக நிற்பேன் என்று இவன் முன்வரவேண்டும் என்னும் கட்டளை யாண்டும் இல்லை. அன்றியும் பிறன் வினையைக் காரணங் காட்டித் தன் வினையைப் போக்கிக்கொள்ள இயலுமாயின், கொலைஞனும் அவ்வாறே கூறி நீங்குவன். இறைவனே எல்லாம் செய்விக்கின்றான் என்று அவன்மேல் வைத்தலும் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை சாரல் எங்கும் ஒரு தன்மையாகவே பெய்கின்றது. வடிகால் வெட்டிய தோட்டத்தில் அது காயாகின்றது. நீர் தேங்கிய தோட்டத்தில் அதுவே அழுகல் நோய்க்கு இடமாகின்றது. மழைக்குக் கோட்டம் இல்லை. வேறுபாடு நிலத்தின் பாலது.

நான்காந் தடை: இது வாழ்க்கையின் இடுக்கண் பற்றியது, ஏனையவற்றினும் வலியது. “அயலான் தெளிக்கின்றான், யான் தெளியேனாயின் பூச்சியெல்லாம் என் தோட்டத்திற்கே வரும். சொறிபிடித்த காயை வாங்குவார் இல்லை. கடன் கழுத்தை இறுக்குகின்றது. அறம் செய்து அழிக என்பதோ சித்தாந்தம்?” என்று சிறு தோட்டக்காரன் வினாவுவானாயின், அவனை இகழ்ந்து விலக்குதல் நம்மனோர்க்குத் தகாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூன்று வகையாற் பற்றும். கூலிக்குத் தெளிப்பவன் செய்வோன்; அவனை ஏவுபவன் செய்விப்போன்; நிறம் மிக்க காயே வேண்டும் என்று விலை கூட்டிக் கொடுப்பவன் உடன்படுவோன். இம்மூவருள்ளும் முதல்வன் நஞ்சைத் தானே முதலில் நுகர்கின்றான். அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. அவன் குற்றம் மிகச் சிறிது. ஏவுபவன் குற்றம் அவன் அறிவின் அளவிற்கும் அவனுக்கு உள்ள உரிமையின் அளவிற்கும் ஏற்பக் கூடியும் குறைந்தும் நிற்கும். உடன்படுவோனுக்கோ கடனும் இல்லை, இடுக்கணும் இல்லை. கண்ணுக்கு இனிய நிறம் ஒன்றே அவன் வேண்டியது. ஆகலின் அவன் குற்றம் தான் எண்ணுமளவு சிறிதன்று.

இதனால், எல்லோரும் ஒரே நாளில் மருந்தை விட்டொழிக என்பது சித்தாந்தத்தின் ஆணை என்று கொள்ளற்க. தன்னால் இயலும் இதத்தைச் செய்யாமையே அகிதம் எனப்பட்டது. இயலாததைச் செய்யாமை அன்று. ஒன்றும் இயலாது என்று சொல்வோமாயினும், இயல்வது ஒன்று என்றும் இருந்தே தீரும். அவ்வொன்றைக் காணாதபடி கண்ணை மறைப்பதே ஆணவமலத்தின் தொழில்.

ஒரு வழக்கு

விலைக்கென விடுத்ததும் இறைவன் திருமுன் சென்றே தீரும் என்பதை யாம் தத்துவ வகையால் நிறுவினோம். உலகியலிலும் அஃது ஒருமுறை கண்கூடாயிற்று. 2023-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள், சபரிமலையில் அடியார்க்கு வழங்கப்படும் அரவணைப் பாயசத்தின் விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதிற் சேர்த்த ஏலக்காயில் வரையறைக்கு மேற்பட்ட மருந்தெச்சம் உளதென்று பரிசோதனையிற் கண்டமையே காரணம். ஏறத்தாழ 6.65 இலட்சம் டப்பாக்கள் வழங்கப்படாது நின்றன. பின்னர் 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று.

சட்டநெறியில் அவ்வழக்கு அவ்வாறு முடிந்தது. எவரையும் குறை கூறுதல் ஈண்டு எம் கருத்தன்று. நாம் கொள்ளத்தக்கது வேறு. மலைமேல் எங்கோ ஒரு சரிவில் ஒருவன் இது யார் வீட்டிற்குப் போகுமோ என்று எண்ணாது மருந்து தெளித்தான். அக்காய் ஸ்டோரிற் காய்ந்து, சல்லடையில் விழுந்து, ஏலத்தில் விலைப்பட்டு, பல கைகள் மாறி, ஈற்றில் விரதமிருந்து மலையேறி வந்தவர்க்கு வழங்கும் திருப்பிரசாதத்தினுட் புகுந்தது. ‘யாரோ ஒருவர்’ என்று நாம் கருதும் அந்நுகர்வோன் இறுதியில் யாவன் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. சபரிமலைக்குச் சென்றமையால் அது பெருஞ்செய்தியாயிற்று. பெயரறியாத ஓர் ஏழையின் குழந்தைக்குக் காய்ச்சிய பாலிற் சென்ற ஏலக்காயோ செய்தியாகாது. ஏற்பவன் இரண்டிடத்தும் ஒருவனே என்பது சித்தாந்தம்.

சட்டத்திற்கும் அறத்திற்கும் உள்ள வேற்றுமையும் இதனால் விளங்கும். சட்டம், வழக்குத் தொடுத்தவன் யாவன், அளவு எத்துணை, ஒப்பந்தம் யாது என்று வினாவும். அது வேண்டற்பாலதே, அஃதில்லையேல் வலியார் மெலியாரை விழுங்குவர். அறம் வினாவுவது ஒன்றே: உன் கையினின்று நீங்கிய பொருள் ஓர் உயிரைச் சென்று சேருங்கால் அவ்வுயிர்க்கு இதமாயிற்றோ, அன்றோ? சட்டம் வரையறைக்கு உட்பட்டவனை விடுவிக்கும். அறம், வரையறைக்குள்ளும் இன்னும் குறைக்க இயலுமோ என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

முடிபு

இனி அன்பர்க்கு யாம் கூறிய விடை இது. “நும் மூலைத்தோட்டம் பாவமும் அன்று, முற்றிய புண்ணியமும் அன்று. இறைவனுக்குத் தூயதே ஆகும் என்னும் உணர்ச்சி சரியையின் முளை. முளையைப் பிடுங்கற்க, அதனை வேலிக்குள் அடைத்தும் வையற்க. நீரே தூயது எனக் கண்ட அம்மூலையை எஞ்சிய தோட்டத்திற்கு அளவுகோலாகக் கொண்மின். ஆண்டுதோறும் அதன் எல்லையைச் சிறிது அகற்றுமின். எஞ்சியதில், தேனீ பூவிற் படியும் காலைப்பொழுதில் தெளியாதிருத்தலும், காய் எடுக்குமுன் விதித்த நாட்களைக் காத்தலும், தெளிப்பவன் உடலைக் காத்தலும், நிறம் ஊட்டாமையும், கேளாதவர்க்கும் உண்மை உரைத்தலும் இன்றே நும்மால் இயல்வன. இவை பூசைக்குப் புறம்பாய பிறிதொரு கடமை என்று எண்ணற்க. இவையும் பூசையே.” அவர் நெடும்பொழுது ஒன்றும் கூறாதிருந்து, “அப்படியானால் என் பூசையறை மிகவும் பெரியதாய்விட்டதே, ஐயா” என்றனர். அவர் முகத்தில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே தோன்றின. அவ்விரண்டும் கூடிய நிலையே ஒழுக்கத்தின் தொடக்கம் என்பது எமக்குத் தோன்றியது.

இவ்விடத்தில் நிறுத்துவேமாயின் குற்றம் முழுவதையும் மலைமேல் வாழ்வார் தலையில் ஏற்றியவர் ஆவேம். இவ்விதழைப் படிப்போர் மடங்களிலும் திருக்கோயில்களிலும் தொண்டு பூண்டோர்; சிவபூசை உடையோர். ஆசமன நீரிலும் திருவமுதிலும் ஏலம் சேர்த்தல் நம் வழக்கு. அதனை வாங்குங்கால் நாம் வினாவுவது யாது? நிறம் எவ்வாறு, பருமை எத்துணை, விலை யாது என்பவையே அன்றோ? பளபளக்கும் பசுங்காயைத் தேர்ந்து, சொறிபட்டதை ஒதுக்குகின்ற நம் கண்ணே அம்மருந்தை மலைமேல் ஏற்றுகின்ற கைகளுள் ஒன்று. வடுவில்லாத காயே இறைவனுக்கு ஆவது என்பது நம் எண்ணம். ஆலகால நஞ்சினைத் தான் உண்டு பிறரை வாழ்வித்த பெருமான் கண்டத்தில் வடுத்தாங்கி நிற்பவன். பேன் தீண்டிய வடுவுடைய காயை அவன் வெறான். பிறர்க்கு நஞ்சாகி விளைந்த வடுவில்லாக் காயை அவன் எங்ஙனம் உவப்பன்?

திருக்கோயில்களும் மடங்களும் தாம் வாங்கும் ஏலக்காய் எவ்வாறு விளைந்தது என்று வினாவத் தொடங்குமாயின், அதன் பொருட்டுச் சிறிது விலை கூட்டிக் கொடுக்கவும் துணியுமாயின், மலைமேல் தூய மூலையை அகற்ற விழையும் தோட்டக்காரர்க்கு அது பெருந்துணையாகும். செய்யக்கூடிய இதம் இது. செய்யாமையின் பெயர் யாது என்பதை ஆசிரியர் முன்னரே கூறிவைத்தனர்.

நல்லொழுக்கம் என்பது விதிகளின் தொகுதி அன்று. அச்சத்தாற் செய்யும் அடக்கமும் அன்று. ஊதியத்தை நோக்கிச் செய்யும் கணக்கும் அன்று. எவ்வுயிர்க்குச் செய்யினும் ஏற்பவன் சிவனே என்னும் தெளிவோடு செய்வன செய்தலும் தவிர்வன தவிர்தலுமே ஒழுக்கம். அத்தெளிவு உள்ளவனுக்கு மறைவான இடம் ஒன்றும் இல்லை; அயலான் என்று ஒருவனும் இல்லை. போடிமெட்டின் சரிவில் நிற்கும் ஒவ்வொரு தூறும் அவனுக்குத் திருமுன்னே நிற்பது.

திருச்சிற்றம்பலம்